மனத்திறன் அளவுகோலும் கல்லூரி வாயிலும்

எழுதியவரே மறுத்துவிட்ட ஒரு நூலை நாம் இன்னும் படிக்கத்தான் வேண்டுமா? அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் பிரிகாம் 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அமெரிக்க நுண்ணறிவு பற்றிய ஓர் ஆய்வு' என்னும் நூலைப் பொறுத்தவரை, வேண்டும் என்பதே நம் கருத்து.

முதல் உலகப் போரின்போது அந்நாட்டுப் படையினர் 17 இலட்சம் பேருக்கும் மேலாக எழுதிய மனத்திறன் சோதனைகளே இந்நூலின் ஆதாரம். அந்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த குடியேறிகள் மிகுதியான மதிப்பெண்களும், அண்மையில் வந்தோர் குறைந்த மதிப்பெண்களும் பெற்றிருந்தனர். அந்நாட்டுக் கடைச்சரக்கின் பெயரையும் பேஸ்பால் ஆட்டக்காரரின் பெயரையும் வினவிய சோதனையில், புதிதாய் வந்தவர் பின்தங்கியதில் வியப்பென்ன? மொழியும் பழக்கமும் கைவரக் கைவர மதிப்பெண் உயர்ந்தது என்றே எவரும் கொள்வர். பிரிகாமோ, பிற்காலத்தில் வந்தோர் பிறப்பிலேயே அறிவு குன்றிய இனத்தார் என்று முடிவு கட்டினார். நூலின் அட்டவணைகள் ஒன்றைச் சொல்ல, ஆசிரியரின் உரை வேறொன்றைச் சொல்கிறது. இதுவே இந்நூலின் பெருங்குறை.

1930ஆம் ஆண்டில் அவரே தம் முடிவுகளுக்கு அடிப்படை இல்லையென எழுதித் தம் ஆய்வைக் கைவிட்டார். அந்த நேர்மையை நாம் போற்றுகிறோம். ஆயினும், அதற்கு முன்னரே, 1926இல், அவர் தலைமையில் உருவான கல்லூரி நுழைவுத் திறன் சோதனையை 8,040 மாணவர்கள் எழுதியிருந்தனர். நூல் மறைந்தது, சோதனை நிலைத்தது.

அச்சோதனை முற்றிலும் பயனற்றது என்று நாம் கூறவில்லை. அதன் மதிப்பெண்ணுக்கும் கல்லூரி முதலாண்டுத் தேர்ச்சிக்கும் தொடர்பு உண்டு. ஆனால், அத்தொடர்பு எத்துணை வலிமையுடையது என்பதன்றோ வினா? புள்ளியியலார் கூறும் ஒட்டுறவுக் கெழு 0.5 எனக் கொண்டாலும், மாணவரிடையே காணும் தேர்ச்சி வேறுபாட்டில் கால் பங்கையே சோதனை விளக்கும். எஞ்சிய முக்கால் பங்கில் உழைப்பு, ஆசிரியர், உடல்நலம், வீட்டின் வறுமை எனப் பலவும் அடங்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2020இல் இச்சோதனையைக் கைவிட முடிவு செய்தது. மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகமோ, வசதி குறைந்த பள்ளிகளில் பயின்ற திறமையாளரைக் கண்டறிய உதவுகிறது எனக் கூறி 2022இல் மீண்டும் ஏற்றது. ஆயிரம் பேரின் போக்கைக் கணிக்க உதவும் எண், ஒருவரின் எதிர்காலத்துக்குத் தீர்ப்பாகாது என்பதை இருசாராரும் நினைவிற் கொள்ளுதல் நலம்.

1905இல் பாரிசில் ஆல்பிரட் பினே இத்தகைய சோதனையை முதன்முதலில் வகுத்தது, தனி உதவி தேவைப்படும் பள்ளிச் சிறாரை இனங்காணவே. அவர்களை ஒதுக்கித் தள்ளுவது அவர் நோக்கமன்று. நம் மகனோ மகளோ குறைந்த மதிப்பெண்ணுடன் வீடு திரும்பும் நாளில், 'இதற்கு மேல் உனக்குப் படிப்பு வராது' என்று சொல்லுமுன், எப்பாடத்தில் என்ன உதவி வேண்டும் என்று பெற்றோர் கேட்பாராக. சோதனை பிறந்ததே அக்கேள்விக்காகத்தான்.