சிங்கவேள் குன்றமும் பாடப்பெறாத அருவியும்

மேல் அஹோபிலத்திலிருந்து ஜ்வாலா நரஸிம்ஹர் ஸந்நிதிக்குச் செல்லும் யாத்ரிகர் பவநாசினியின் கரையைப் பற்றியே நடக்கின்றனர். நல்லமலைத் தொடரின் செங்குத்தான பாறைகள் இருபுறமும் நெருங்கிவர, வழி குறுகிக்கொண்டே போகும். மழைக்காலமாயின் அவ்விடுக்கின் முடிவில், ஹிரண்யனைப் பிளந்த சீற்றம் ஜ்வலித்த இடமென்று போற்றப்படும் குகையின் அருகே, மலையுச்சியிலிருந்து அருவி வீழ்வதைக் காணலாம்.

அதைக் கண்டு மீண்டவர்க்கு ஓர் ஐயம் எழுகின்றது. பெரிய திருமொழியின் முதற்பத்து ஏழாந்திருமொழி முழுவதும் இத்திவ்யதேசத்துக்கே உரியது. அதன் பத்துப் பாசுரங்களில் எதிலும் இவ்வருவி இல்லை; அருவியென்ன, ஒரு சுனைகூட இல்லை. ஆழ்வார் இவ்விடத்தை நேரில் கண்டிலரோ என்று ஐயுறுவாரும், கோடையில் எழுந்தருளினார் போலும் என்று அமைவாரும் உளர். நீர் அருகும் பருவம் அம்மலைக்கு உண்டு என்பது மெய்யே. ஆயினும் இவ்விரு விடைகளும் பாசுரத்தைவிட்டுப் பயணக்குறிப்பைத் தேடுவன.

ஆழ்வார் நீரைப் பாட மறந்தவரல்லர். இதை அடுத்து வரும் திருவேங்கடத் திருமொழியின் முதற் பாசுரத்திலேயே, நீர் பொங்கும் சுனையில் செங்கயல்கள் திளைப்பதைக் காட்டுகின்றார். ஆகவே, ஒரு மலையில் நீரைப் பாடி மற்றொரு மலையில் பாடாதது திருவுள்ளத்தோடு செய்ததென்றே கொள்ளத்தகும்.

சிங்கவேள் குன்றத்தில் அவர் பாடியவை எவை? வழிச்செல்லும் வணிகக் கூட்டத்தை எறியும் வேடரின் துடியோசை, உச்சிப்போதின் வெம்மை, நாயும் கழுகும், தீயை முகந்துகொண்டு விசும்பில் ஓடும் சூறைக்காற்று, கலகலக்கும் வாகை நெற்று, மூங்கில்கள் உராய்ந்து எழுந்த தீயால் சிவந்த வானம். தமிழ் மரபறிந்தார் இவற்றைக் கண்ட அளவில் பாலைத்திணை என்பர். தொல்காப்பியர் பாலைக்கு வகுத்த நண்பகலும் வேனிலும் இங்கு நிறைந்துள்ளன. தெய்வங்களன்றிப் பிறர் அணுகலாகாத இடம் என்று ஆழ்வாரே அருளிச்செய்கின்றார்.

இவ்வருமையைக் குறையாகக் கொள்ளாதது நம் வ்யாக்யான மரபின் தனிச்சிறப்பு. உகவாதார் கிட்டவொண்ணாதபடி எம்பெருமானுக்கு அரணாக அமைந்ததே இத்தேசம் என்று ஆழ்வார் உகந்து மங்களாசாஸனம் செய்கிறார் என்பது பெரியவாச்சான் பிள்ளை காட்டும் நெறி. தீயும் கல்லும் வேடரும் அவனுக்குக் காவலாயினர். பரிவு மிக்கவர் கண்ணுக்கு மதிலே முதலில் தோன்றும். மதிலுக்குள் தண்ணீர் உண்டென்று பகைவர் செவிபடச் சொல்லுவாரோ?

ஆனால் இத்திருமொழி வெம்மையிலேயே முடியவில்லை. முதல் ஏழு பாசுரங்களில் பிளந்த வாயும் கூருகிரும் சீற்றமுமாய் நின்றவனை, எட்டாம் பாசுரத்தில் நான்முகனும் ஈசனும் ஏத்துகின்றனர். ஒன்பதாம் பாசுரத்தில்தான் ஆழ்வார் தம் நெஞ்சைக் கொண்டாடி அழைத்து, நம்முடையவன் என்று உரிமை கொள்கின்றார். அங்கே பெரிய பிராட்டியார் அவனைத் தழுவி நிற்கின்றாள். தேவர்களும் வெருவி ஓடிய திருமேனி அவளுக்கு அணையலாம்படி ஆயிற்று.

அப்பாசுரத்து நிலக்காட்சியும் நோக்கத்தக்கது. வேட்டை ஒலிகள் அடங்கி, சில்வண்டின் ஓசை வழியில் கேட்கின்றது. பாறை பிளக்க நெல்லி செறிந்து வளர்கின்றது. பாலைவழிச் செல்வோர் நெல்லிக்காயைத் தின்று நீர்வேட்கை தணித்தல் சங்கச் செய்யுட்கள் அறிந்த செய்தி. நீரே பேசப்படாத இத்திருமொழியில் விடாய் தீர்க்கும் பொருள் ஒன்று தோன்றுவது, பிராட்டி தோன்றும் இப்பாசுரத்திலேயே. இதை வ்யாக்யானத்தின் கூற்றாகச் சொல்லவில்லை. பாசுரத்தின் வைப்புமுறையிலிருந்து அடியேன் கொள்ளும் கருத்து இது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. இங்கோ பாலை நிலத்தின் நடுவில் கூடல் பேசப்படுகின்றது. ஆற்றுவது யார் என்பதும் அதனால் தேறும்: சீற்றத்தைத் தணித்தவளே அடியார்களின் தாபத்தையும் தணிப்பவள்.

எனவே தலத்தில் கண்ட அருவியைப் பாசுரத்தில் வலிந்து புகுத்தவும் வேண்டா. பாசுரத்தில் இல்லையென்று அருவியை அலட்சியம் செய்யவும் வேண்டா. பவநாசினியில் நீராடுவோர் ஒன்பதாம் பாசுரத்தை அநுஸந்தித்து நீராடுவதே தகும்.

இன்று அவ்வழியில் படிகளும் பிடிகம்பிகளும் வந்துவிட்டன; முதியோரும் சென்று ஸேவிக்க முடிகின்றது. இது மகிழத்தக்கதே. ஆயினும் ஆழ்வார் அரணென்று உகந்த அருமை குறையக் குறைய, அவ்வரணாய் நிற்கும் கடமை செல்வோரைச் சேர்கின்றது. நீரோடையில் குப்பையும் குகைவாயிலில் கூச்சலும் விட்டுவருவோர், எத்தனை முறை சென்றாலும், எவரைக் கிட்டவொட்டாதென்று ஆழ்வார் அம்மலையை உகந்தாரோ அவரோடு ஒப்பர்.