நத்தார் இரவும் சரயேவோ நகரும்: ஓர் இசைத்தொகுதியின் மதிப்பீடு

பெருந்தொகையாக விற்பனையாகும் கலைப்படைப்பை ஐயத்தோடு நோக்குதல் திறனாய்வாளர் இயல்பு. பலரும் விரும்புவது எளியது, எளியது ஆழமற்றது என்னும் எண்ணமே அவ்வையத்திற்கு அடிப்படையாகும். இவ்வெண்ணம் எல்லாவிடத்தும் பொருந்துமா என்பதை ஆராய்தற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, ஐக்கிய அமெரிக்காவின் ட்ரான்ஸ்-சைபீரியன் ஒர்கெஸ்ட்ரா என்னும் றொக் இசைக்குழு 1996 ஆம் ஆண்டு வெளியிட்ட 'நத்தார் முன்னிரவும் பிற கதைகளும்' என்னும் தொகுதியாகும். அந்நாட்டில் மட்டும் முப்பது இலட்சத்திற்குக் குறையாத படிகள் விற்பனையானமைக்குச் சான்றிதழ் பெற்றது இது.

இதன் வித்து வேறோர் இடத்திலே தோன்றியது. போல் ஓநீல், ஜோன் ஒலிவா முதலியோர் சவற்றாஜ் என்னும் குழுவிற்காக 1995 இல் ஆக்கிய தொகுதி, பொஸ்னியப் போரைப் பொருளாகக் கொண்டது. பாழடைந்த சரயேவோ நகரில் முதியவர் ஒருவர் செலோ வாசிப்பதைக் குறிக்கும் வாத்திய இசைப்பகுதி அதிலே இடம்பெற்றது. அதே ஒலிப்பதிவே மறு ஆண்டிலே புதிய குழுவின் பெயரில் நத்தார்த் தொகுதியினுட் புகுந்து புகழ்பெற்றது.

தொகுதியின் கதை எளியது. நத்தார் நாளின் பெயரால் உலகில் நிகழ்ந்த நன்மைகளுட் சிறந்ததைக் கொணருமாறு இறைவன் தன் தூதருள் இளையோனை மண்ணுலகிற்கு அனுப்புகிறான். வீடு திரும்ப வழியின்றிப் பனியில் நிற்கும் பெண்ணொருத்திக்கு மதுச்சாலைப் பணியாளன் ஒருவன் காசுப்பெட்டியிலிருந்த பணம் முழுவதையும் எடுத்துக் கொடுத்து வழியனுப்புகிறான். இப்பகுதியே தொகுதியின் உயிர்நிலை எனலாம். அற்புதம் எதுவும் நிகழவில்லை. ஞானியோ குருவோ தோன்றவில்லை. கடைக்காரன் ஒருவன் தன் பெட்டியை வெறுமையாக்கினான், அவ்வளவே. ஏனைய பாடல்களிற் சில, உணர்ச்சியைக் காட்டாது அதன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சலிப்பூட்டுதல் மறுக்கற்பாலதன்று.

சொற்கள் தளருமிடத்து இசை கைகொடுக்கின்றது. சரயேவோப் பகுதியில் ஆங்கிலேயரின் பழைய நத்தார்ப் பாடலொன்றும், உக்ரேனியரான மிக்கோலா லெயொன்றோவிச் அமைத்த மணியோசைப் பாடலும் இணைகின்றன. தனித்தொலிக்கும் செலோவுக்கு எதிரே மின்கிற்றார்களும் முரசங்களும் எழுகின்றன. பல்லியமும் றொக் வாத்தியங்களும் போரிடும் இரு தரப்புகள் என்றும், செலோ நம்பிக்கையின் சிறுபொறி என்றும் ஓநீல் விளக்கியுள்ளார். தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகளுள் அழுகையும் பெருமிதமும் ஈண்டு ஒருங்கே பிறக்கின்றன.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. மெய்யான சரயேவோவில் செலோ வாசித்த வெத்ரான் சுமைலோவிச் முதியவரல்லர். அந்நகர்ப் பல்லியக் குழுவைச் சேர்ந்த, முப்பது வயது கடந்த கலைஞர். 1992 மே மாதத்திற் பாண் வாங்க வரிசையில் நின்றோர்மீது எறிகணை வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்விடத்தில் அவர் வாசித்தது, அல்பினோனி பெயரால் வழங்கும் துயரிசை, நத்தார்ப் பாடலன்று. இறந்தோர்க்குச் செய்த அஞ்சலி, கதையிலே திருநாட் காட்சியாக மாறிற்று. கலைஞன் நிகழ்ச்சியை மாற்றும் உரிமை உடையவன். ஆயினும் துயரைத் தாங்கினோரின் முகத்தை மாற்றும்போது, அவன் அவர்களுக்கும் கடமைப்பட்டவனாகின்றான். 1995 இன் தொகுதியில் அவ்விசையைச் சூழப் போரின் கதை இருந்தது. நத்தார்த் தொகுதியில் அந்நகரின் பெயர் மட்டும் தலைப்பிலே தங்கிற்று. கடைவீதிகளில் அதனைக் கேட்போருட் பலர் அத்தலைப்பையும் அறியார். விற்பனையாற் கலைக்கு நேர்ந்த இழப்பு உண்டாயின் அஃது இதுவே.

ஊதியமோ பெரிது. 1999 இல் தொடங்கிய மேடை நிகழ்ச்சிகள் பின்னர் இரு அணிகளாகப் பிரிந்து குளிர்காலந்தோறும் நடைபெறலாயின. 2017 இல் ஓநீல் மறைந்த பின்னரும் தொடர்ந்தன. இவ்வெற்றிக்கு வாணிக உத்தி மட்டும் காரணமன்று. ஆண்டுதோறும் மீளும் திருநாளும், எல்லோர்க்கும் பழகிய பண்களும், வீடு திரும்புதல் என்னும் பொதுவேட்கையும் ஒன்றுசேர்ந்தமையே காரணமாகும். ஆதலின் பலர் விரும்பினர் என்பதுகொண்டு இத்தொகுதியைத் தள்ளுதல் முறையன்று. பலர் விரும்பினர் என்பதுகொண்டே போற்றுதலும் முறையன்று. பெட்டியை வெறுமையாக்கியவனைப் பாடிய பாட்டுப் பெட்டிகளை நிரப்பியது குற்றமாகாது. அவ்விசை பிறந்த பாழ்நகரைக் கேட்போர் மறத்தலே குற்றமாகும்.