நிலக்கரி போனது, லாரி வரிசை போகவில்லை

சென்னைத் துறைமுகத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் நடுவே ராஜாஜி சாலை மட்டும்தான் இருக்கிறது. 2011 மே மாதம் அந்த நீதிமன்றம் எதிரில் இருக்கும் துறைமுகத்துக்கு ஓர் உத்தரவு பிறப்பித்தது. அக்டோபர் 1 முதல் அங்கே நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளக் கூடாது, தூசு கிளப்பும் சரக்கெல்லாம் வடக்கே எண்ணூருக்குப் போக வேண்டும் என்பது உத்தரவின் சாரம். கொடியில் காயும் துணியிலும் குடத்துத் தண்ணீரிலும் கரித்தூளைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்த ராயபுரம், காசிமேடு மக்களுக்கு அது பெரிய விடுதலை.

துறைமுகத்தின் ஒரு பகுதிச் சரக்கு அப்படித்தான் இடம் மாறியது. மிச்சத்தையும் மாற்றிவிடலாம், நகருக்குள் துறைமுகம் எதற்கு என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. அதற்கு விடை தேடும் முன், ஏற்கெனவே நடந்த இடமாற்றம் யாருக்கு என்ன தந்தது, யாரிடமிருந்து எதை எடுத்தது என்று கணக்குப் பார்ப்பது அவசியம்.

மதராசுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நின்ற கப்பல்களிலிருந்து மசூலாப் படகுகளில் சரக்கு கரைக்கு வந்த ஊர் இது. 1876இல் தொடங்கிய அலைதடுப்புச் சுவர் வேலையை 1881இல் வந்த புயல் சிதைத்தது. பிறகு மீண்டும் கட்டி, துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் நுழைவாயிலைக் கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றியதும்தான் அது நம்பகமான துறைமுகமானது. அந்தச் சுவர்கள் கடலின் மணல் ஓட்டத்தைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கரை அரிக்கப்பட்டது. ஆக, துறைமுகத்தின் ஆதாயம் ஓரிடத்திலும் அதன் சேதம் வேறோரிடத்திலும் சேர்வது சென்னைக்குப் பழைய கதை. சரக்கை முழுவதும் வெளியேற்றினாலும் சுவர்கள் அங்கேயேதான் நிற்கும், அரிப்பும் தொடரும்.

இடமாற்றத்தின் நன்மைகளைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. நிலக்கரிக்கென்றே திட்டமிட்டுக் கட்டியது எண்ணூர்த் துறைமுகம். 2001இல் செயல்படத் தொடங்கிய அதற்கு 2014இல் காமராஜர் பெயர் வைக்கப்பட்டது. கப்பலிலிருந்து இறங்கும் கரி கன்வேயர் பெல்ட்டில் பக்கத்திலேயே உள்ள வடசென்னை அனல் மின் நிலையத்துக்குப் போகிறது. மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு வேண்டியதை அத்திப்பட்டு வழியாக ரயில் கொண்டுபோகிறது. நெரிசலான தெருக்களில் கரி லாரி ஓட வேண்டியதில்லை. மொத்தமாக, ஒரே இடத்துக்கு, தொடர்ந்து போகும் சரக்கைப் பெல்ட்டிலும் ரயிலிலும் ஏற்றுவதுதான் முறை. அந்த வகையில் எண்ணூர் சரியான முடிவு.

சென்னைத் துறைமுகம் இதற்கு விலை கொடுத்தது. 2010-11இல் ஆறு கோடி டன்னைத் தாண்டியிருந்த அதன் சரக்கு, அடுத்த மூன்றாண்டுகளில் சுமார் ஒரு கோடி டன் சரிந்தது. கரியை நம்பிப் பிழைத்த கூலித் தொழிலாளர்களும் லாரிக்காரர்களும் அதில் அடிபட்டார்கள். ஆனாலும் ஒரு நகரத்தின் மூச்சுக்காற்றுக்காக ஒரு துறைமுகம் வருமானத்தில் கொஞ்சம் இழப்பது நியாயமே.

நியாயம் இடிப்பது வேறோர் இடத்தில். ராயபுரத்தில் கூடாத தூசு எண்ணூரில் மட்டும் எப்படிக் கூடும்? கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் அந்த முகத்துவாரத்தில் காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம், சிவன்படை வீதிக் குப்பம் என்று மீனவ ஊர்கள் இருக்கின்றன. இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த கழிமுகம் அது. அனல் மின் நிலையக் குழாய்களிலிருந்து கசியும் சாம்பல் குழம்பு பல ஆண்டுகளாக அங்கே படிந்துவருகிறது. பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போயிருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, திருவொற்றியூர்க் கரையில் பாறை இடுக்கில் ஒட்டிய தாரைப் போன்ற கசடை இளைஞர்களும் மீனவர்களும் வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள். அந்த வாரங்களில் மீன் வாங்க ஆள் இல்லை. நாட்டின் பெரிய துறைமுகம் ஒன்றின் வாசலில் நடந்த விபத்துக்குக் கைவசம் இருந்த கருவி பிளாஸ்டிக் வாளி.

நீதிமன்றத்தின் கதவைத் தட்டும் தூரத்தில் இருந்தவர்களின் துயரம் தீர்ந்தது. தொலைவில் இருந்தவர்களின் தலையில் அதுவே இறங்கியது. இடமாற்றத்தின் முதல் பெருங்குறை இதுதான்.

இரண்டாவது குறை சாலையில் தெரிகிறது. கரி போன பின் சென்னைத் துறைமுகத்தின் பிழைப்பு கன்டெய்னரும் காரும் என்றானது. இவற்றின் பெரும்பகுதி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், அம்பத்தூர் தொழிற்சாலைகளிலிருந்து டிரெய்லரில் வருகிறது. பகலில் நகருக்குள் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு. அதனால் நெருக்கடி நாட்களில் துறைமுகத்தின் காசிமேடு வாயிலான ஜீரோ கேட்டிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலை நெடுக டிரெய்லர்கள் கிலோமீட்டர் கணக்கில் நின்றிருக்கின்றன. சாலையின் ஒரு பக்கம் கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கல், மறுபக்கம் வீடுகள், நடுவே அசையாத வண்டிகள். ஓட்டுநரும் கிளீனரும் வண்டி நிழலில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்குவார்கள். ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு வரிசையில் போகும் ஒவ்வொரு நாளும் நஷ்டம். பள்ளிக்கூட வேன், ஆம்புலன்ஸ், மீன் ஏற்றிய வண்டி எல்லாம் அந்த வரிசைக்குப் பின்னால்தான்.

இதற்குச் சொல்லப்பட்ட மருந்து பறக்கும் சாலை. துறைமுகம் முதல் மதுரவாயல் வரை 19 கி.மீ., 1,655 கோடி ரூபாய் என்று 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கூவத்தின் நீரோட்டத்தைத் தூண்கள் மறிப்பதாகச் சொல்லி 2012இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014இல் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியும் வேலை நகரவில்லை. 2022 மே 26 அன்று, ஈரடுக்குச் சாலையாக, சுமார் 5,850 கோடி ரூபாய்க்கு மறுபடியும் அடிக்கல். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் செலவு மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. ஆற்றுக்குள் பாதியில் நின்ற தூண்கள்தான் அதுவரை மிச்சமாக இருந்தன.

அதே நாளில், அதே மேடையில் இன்னொரு திட்டமும் தொடங்கியது. திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் சுமார் 1,430 கோடி ரூபாயில் பல்வகைப் போக்குவரத்துச் சரக்குப் பூங்கா. கடம்பத்தூர் நிலையத்திலிருந்து அதற்கு ரயில் இணைப்பு. பறக்கும் சாலைக்குக் கிடைத்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் துறைமுகத்தின் வருங்காலம் பெரிதும் இதில்தான் இருக்கிறது. 45 வேகன் கோத்த ஒரு கன்டெய்னர் ரயில், நாற்பதடிப் பெட்டி 45ஐ ஒரே மூச்சில் இழுக்கும். 45 டிரெய்லர் வரிசையிலிருந்து குறையும் என்று பொருள்.

ரயிலைக் கேட்பது எளிது, அதற்குச் சரக்கு சேர்ப்பது கடினம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து துறைமுகம் ஐம்பது கி.மீ.க்குள். இந்தத் தூரத்துக்கு லாரியில் ஏற்றி, யார்டில் இறக்கி, ரயிலில் ஏற்றி, துறைமுகத்தில் மறுபடி இறக்குவது ஏற்றுமதியாளருக்குக் கூடுதல் செலவு. பெங்களூரு ஒயிட்ஃபீல்டுக்குக் கன்டெய்னர் ரயில் கட்டுபடியாவதற்குத் தூரம் ஒரு காரணம். குறுந்தூரத்தில் ரயில் வெல்ல வேண்டுமானால் கட்டணச் சலுகையும் நேரம் தவறாத ஓட்டமும் வேண்டும். சுங்கச் சோதனையும் மப்பேட்டிலேயே முடிய வேண்டும். மேலும், புறநகர் ரயிலும் விரைவு ரயிலும் ஓடும் தடங்களில் சரக்கு ரயில் எப்போதும் கடைசியில் நிற்கும். தனித்தடம் இல்லாத இணைப்பு பெயரளவுக்குத்தான் இணைப்பு.

மும்பை இந்தப் பாதையில் முன்பே நடந்து பார்த்தது. 1989இல் நவசேவாவில் ஜவஹர்லால் நேரு துறைமுகம் வந்ததும் கன்டெய்னர் வணிகம் பெரும்பாலும் அங்கே மாறியது. தீவு நகரம் இலகுவானது. ஆனால் துறைமுகத்துக்கு நிலம் கொடுத்த சேவா கோலிவாடா மீனவர்கள் குடியேற்றப்பட்ட ஹனுமான் கோலிவாடாவில் கறையான் அரித்த வீடுகளோடு பல பத்தாண்டுகள் போராடினார்கள். சரக்குக்கென்றே போட்ட மேற்குத் தனித்தடத்தில் மற்ற பெரும் பகுதிகள் ஓடத் தொடங்கிய பிறகும், துறைமுகத்தைத் தொடும் கடைசி நூறு கி.மீ. இழுத்துக்கொண்டே போனது.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்தது வேறு. நகரின் முகப்பிலுள்ள துறைமுகத்தை வடக்கே நார்த்போர்ட்டுக்கு மாற்றலாம் என்று 2019இல் அரசு அமைத்த குழு பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு வந்த மறு ஆய்வு மனுக்காவ் விரிகுடாவே மேல் என்றது. முடிவு எட்டப்படவில்லை. ஆனால் சுமார் இருநூறு கி.மீ. தள்ளியிருக்கும் டௌரங்கா துறைமுகம் 1999 முதலே ஆக்லாந்தின் தெற்கில் ஓர் உலர் துறைமுகம் வைத்து ரயிலில் கன்டெய்னர் கொண்டுபோகிறது. துறைமுகத்தை நகர்த்தாமலே சரக்கை நகர்த்த முடியும் என்பதற்கு அதுவே சான்று.

கணிப்பு பொய்க்கும் அபாயமும் உண்டு. எண்ணூரில் இரும்புத் தாதுவுக்கென ஒரு முனையம் கட்டினார்கள். 2010இல் கர்நாடகம் தாது ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் அது சரக்கின்றிக் கிடந்தது. பின்னர் நிலக்கரிக்கு மாற்றப்பட்டது. துறைமுகம் முழுவதையும் பெயர்த்து வைக்கும் திட்டத்தில் இப்படி ஒரு கணிப்பு தவறினால் இழப்பு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கலாம்.

இவற்றை எடை போட்டால், சென்னைத் துறைமுகத்தை முழுதாக மாற்றும் யோசனைக்கு வலுவில்லை. கரி திரும்பி வரக் கூடாது. கன்டெய்னரும் காரும் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். 2020இல் காமராஜர் துறைமுகத்தில் மத்திய அரசு வைத்திருந்த 67 விழுக்காட்டுப் பங்கைச் சென்னைத் துறைமுகமே வாங்கிவிட்டதால், எந்தச் சரக்கு எங்கே என்பதை இரண்டுக்கும் சேர்த்து ஒரே நிர்வாகம் முடிவு செய்ய முடியும். அந்த வாய்ப்பைக் கொண்டு மூன்று காரியங்கள் செய்தாக வேண்டும். மப்பேடு ரயில் பறக்கும் சாலைக்கு முன்பே ஓட வேண்டும். எண்ணூரின் கரி யார்டுகள் தூசு பறக்காதபடி மேலே மூடப்பட்டு, அங்குள்ள காற்றின் தூசு அளவு நாள்தோறும் குப்பங்களில் எழுதிப் போடப்பட வேண்டும். எண்ணூரிலோ பக்கத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகத்திலோ இனி ஒரு கப்பல் தளம் கூடுவதானால், ரயில் தடமும் முகத்துவாரச் சீரமைப்பும் முடிந்த பிறகே அதற்கு அனுமதி என்று நிபந்தனை போட வேண்டும். ராயபுரத்துக்கு 2011இல் கிடைத்த அதே பாதுகாப்பைக் காட்டுக்குப்பம் கேட்கிறது; அதைத் தராமல் அடுத்த விரிவாக்கத்துக்குக் கையெழுத்திடும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை.