மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு முகம்

இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றியின் அவையைப் பற்றிய 'வுல்ஃப் ஹால்' தொடர் 2015-இல் பிபிசியில் வந்தபோது, படம் ஒரே இருட்டாக இருக்கிறது என்று பலர் குறைபட்டார்கள். எனக்கோ அந்த இருட்டுதான் பிடித்தது. இயக்குநர் பீட்டர் கோஸ்மின்ஸ்கி இரவுக் காட்சிகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார். சுடர் அசைந்தால் கன்னத்து நிழலும் அசைகிறது. வெல்வெட் மடிப்பு ஒரு கணம் மினுங்கி மங்குகிறது. பேசுகிறவரின் பாதி முகத்தை நாமே தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் பருவத்தின் ஆறாவது, கடைசி அத்தியாயத்தில் ஹென்றியின் ராணி ஆன் பொலினின் தலை வெட்டப்படுகிறது. ஆனாக வரும் கிளேர் ஃபோய் அந்தக் கொலைமேடையில் நிற்கும் விதம் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்கடுத்த காட்சியை. ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லாக வரும் மார்க் ரைலன்ஸ் அரசனிடம் நடந்து போகிறார். எட்டாம் ஹென்றி கைகளை அகல விரித்து, முகமெல்லாம் சிரிப்பாக அவரைக் கட்டிக்கொள்கிறார். காமிரா குரோம்வெல்லின் முகத்தைவிட்டு நகர மறுக்கிறது. வசனம் இல்லை, கண்ணீர் இல்லை. நாளை தன் கழுத்துக்கும் இதே கதிதானோ என்ற பயம் கண்ணில் மட்டும் மெல்ல ஏறுகிறது. தொடர் முழுக்கப் பேசியதைவிட அதிகம் கேட்டுக்கொண்டே இருந்த நடிகர் அவர். அத்தனை பொறுமைக்கும் இந்தச் சில நொடிகளில் பலன் கிடைத்துவிடுகிறது.