வெள்ளிடமும் மையும்: அரபி அச்சுக்கோப்பு குறித்து ஒரு திறனாய்வு

ஏட்டில் எழுதாது விடப்படும் இடமும் எழுத்தின் ஒரு கூறேயாகும். சொல் எங்கே முடிகிறது என்பதை வாசிப்பவனுக்கு உணர்த்துவது அதுவே. கணினி அச்சுக்கோப்பில் இவ்வெள்ளிடத்தை ஆளும் முறையை நுணுகி வகுத்த பெருமை டொனால்ட் க்னூத்துக்கு உரியது. 1977இல் தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படியின் தரக்குறைவே, 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு முறையை ஆக்க அவரைத் தூண்டிற்று. கணித நூல்களின் அச்சில் அது இன்றளவும் நிலைபெற்றுள்ளது. அதன் அடிப்படைக் கோட்பாடு அரபி எழுத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே நம் வினா.

டெக்கின் பார்வையில் ஒவ்வோர் எழுத்தும் அளவு மாறாத ஒரு பெட்டி. பெட்டிகளுக்கு இடையே விரிந்து சுருங்கும் 'பசை' உண்டு. அதன் வழக்கமான 10 பாயிண்ட் எழுத்துருவில் சொல்லிடைவெளியின் இயல்பளவு 3.33 பாயிண்ட், விரிவுக்கு 1.67, சுருக்கத்துக்கு 1.11 என வகுக்கப்பட்டுள்ளது. விரிவு வேண்டுமாயின் இவ்வளவை மிஞ்சலாம், சுருக்கம் மிஞ்சலாகாது. வரிவரியாக அன்றிப் பத்தி முழுவதையும் ஒருங்கே எடைபோட்டு வரிகளைப் பிரிப்பது இம்முறையின் தனிச்சிறப்பு. இலத்தீன் எழுத்துக்கு இதனினும் சிறந்த ஏற்பாடு அரிது.

எனினும் இதனுள் ஒரு முன்முடிவு உறைந்துள்ளது: மை விறைப்பானது, வெள்ளிடமே நெகிழ்வது என்பது அது. அரபி எழுத்துக்கலையின் நெறியோ இதற்கு நேர்மாறானது. அங்கு எழுத்தே நீளும். சொல்லிடைவெளி அடக்கமாகவே நிற்கும். அதற்குத் தக்க காரணமும் உண்டு. அலிஃப், தால், ரா, வாவ் முதலான ஆறு எழுத்துகள் தமக்கு அடுத்த எழுத்தோடு இணைவதில்லை. 'வரத' என்னும் சொல்லில் மூன்று எழுத்துகளும் தனித்தனியே நிற்கின்றன. சொல்லுக்குள்ளேயே வெள்ளிடம் இருக்கும் எழுத்துமுறையில் சொல்லிடைவெளி ஒரு வரியில் விரிந்தும் மறுவரியில் சுருங்கியும் வருமாயின், ஓதப் பழகும் மாணவனுக்குச் சொல்லின் எல்லை மங்கிப்போகும். சொல்லை வரியிறுதியில் பிரிக்கும் வழக்கம் தொடக்ககாலக் கூஃபி ஏடுகளில் இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. ஆகவே சொல்லைப் பிரித்து இடர் தீர்க்கும் வழியும் டெக்குக்கு இங்கு இல்லை.

இதற்கு மாற்றாகப் பல மென்பொருள்கள் 'கஷீதா' எனும் நேர்கோட்டை எழுத்துகளிடையே செருகுகின்றன. எழுத்தர் கையில் அந்நீட்சி வளைவாக அமையும். எவ்வெழுத்தில், எவ்விடத்தில் நீட்டலாம் என்பதற்கு வரையறையும் உண்டு. கோட்டைச் செருகுவது நீட்சியாகாது, ஒட்டுப்போடுதலே ஆகும். இலத்தீன் உலகமும் மையின் நெகிழ்வை ஓரளவு ஏற்றுக்கொண்டுள்ளமை இங்கு நோக்கத்தக்கது. ஹான் தே தான் தம் 2000ஆம் ஆண்டு ஆய்வில், எழுத்தையே கண்ணுக்குப் புலனாகாத அளவில் அகலப்படுத்தும் வழியை டெக்கின் வழித்தோன்றலில் சேர்த்தார்.

வரியிடைவெளியிலும் சிக்கல் உண்டு. வரிகளிடையே டெக் ஒரு நிலையான தூரத்தைப் பேணும். மேல்வரியும் கீழ்வரியும் மோத நேர்ந்தால் அத்தூரத்தைக் கைவிட்டு, இடையே சிறு இடைவெளி மட்டும் இடும். தமிழ்ப் பத்தியின் நடுவே ஹரகத்துகளுடன் ஓர் ஆயத் வருமிடத்தில் அவ்வரி மட்டும் விலகிப் பக்கம் சமன் குலைவது இதனாலேயே. அதைச் சரிசெய்ய அரபியைச் சிறிதாக்குவது முறையன்று. ஷத்தாவும் ஃபத்ஹாவும் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். அரபியின் உயரத்தை அளவாகக் கொண்டு, நூல் முழுமைக்கும் வரியிடைவெளியை முதலிலேயே வகுத்துக்கொள்வதே தகும்.

உஸ்மான் தாஹா எழுதிய மதீனா முஸ்ஹஃபில் 604 பக்கங்கள். பெரும்பாலும் பக்கத்துக்கு 15 வரிகள். ஒவ்வொரு பக்கமும் ஆயத்தின் முடிவிலேயே நிறைவுறுகிறது. எழுதும் கை, மையையும் வெள்ளிடத்தையும் சேர்த்தே ஆண்டதன் விளைவு அது. கருவி நமக்கு அளவுகளைத் தருகிறது. எது நெகிழலாம், எது நெகிழலாகாது என்னும் தீர்ப்பை எழுத்தின் மரபிடம் கேட்டறிவது பதிப்பாளரின் பொறுப்பு.