பீட்சா: அச்சச் சுவையும் அதன் நிலைக்களன்களும்

அச்சம் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்று. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினையும் அது தோன்றுதற்குரிய நிலைக்களன்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுத்துரைக்கும். இந்நான்கனுள் அணங்கு ஒன்றனையே பற்றிக்கொண்டு, விரித்த கூந்தலும் வெண்ணிற ஆடையும் திடுமென எழும் பேரொலியுமே அமையும் எனக் கருதும் பேய்ப்படங்கள் தமிழில் மிகப் பல. அவற்றினின்றும் விலகி நிற்பது 2012 அக்டோபரில் வெளிவந்த ‘பீட்சா’. அதன் நிறைகுறைகளை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாம். கதையின் முடிவைக் கூறாது இவ்வாய்வு நிகழ்த்துதல் இயலாமையின், அதனையும் ஈண்டுக் கூறுகின்றோம்.

குறும்படங்கள் இயக்கிப் பயின்ற கார்த்திக் சுப்புராஜுக்கு இதுவே முதல் முழுநீளப் படம். ‘அட்டகத்தி’யை அதே ஆண்டில் வெளியிட்ட சி. வி. குமார் இதனையும் தயாரித்தார். விஜய் சேதுபதி அந்நாளில் பெரும்புகழ் எய்தாத நடிகர். குறைந்த பொருட்செலவில் புதியோர் கூடி ஆக்கிய இப்படம் பின்னர்க் கன்னடம், வங்காளம், இந்தி ஆகிய மொழிகளிலும் மீண்டும் எடுக்கப்பட்டது.

மைக்கேல் உணவகம் ஒன்றில் பீட்சா கொண்டுசேர்க்கும் பணியாளன். அவன் காதலி அனு பேய்க்கதை எழுதுபவள். அவளுக்குப் பேயில் நம்பிக்கை உண்டு, அவனுக்கு இல்லை. ஒருநாள் உணவு கொடுக்கச் சென்ற மாளிகையில் அகப்பட்டுக் கொலைகளையும் ஆவிகளையும் கண்டதாக அவன் நடுக்கத்தோடு முதலாளியிடம் உரைக்கின்றான். இறுதியில் உண்மை புலனாகின்றது. முதலாளி கொடுத்தனுப்பிய பொதியில் வைரங்கள் இருத்தலை வழியில் தற்செயலாக அறிந்து, அவற்றைக் கவர்தற்பொருட்டு அவன் சொன்ன பொய்யே அப்பேய்க்கதை. முதலாளியின் மகள் ஆவியால் பற்றப்பட்டிருந்தமையை அவன் முன்னரே கண்டிருந்தான்; ஆதலின் எந்தப் பொய் அவரிடம் செல்லும் என்பதனையும் அறிந்திருந்தான்.

இப்படத்தின் முதற் சிறப்பு அதன் சிக்கனம். மாளிகைப் பகுதி பெரும்பாலும் ஒரு வீடு, ஒரு நடிகர், ஒரு கைவிளக்கு ஆகியவற்றால் நடைபெறுகின்றது. விளக்கின் ஒளி விழும் சிறுவட்டம் மட்டுமே நமக்குப் புலனாகும். எஞ்சிய இருளை நம் உள்ளமே நிரப்பிக்கொள்கின்றது. காட்டாது விடுத்தலே ஈண்டுக் காட்டுதலினும் வலிதாயிற்று. அமெரிக்காவில் ஜார்ஜ் ரொமேரோ 1968இல் சிறு முதலீட்டில் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ பெரும்பாலும் ஒரு பண்ணைவீட்டினுள் நிகழ்வதும் இங்கு ஒப்புநோக்கத் தக்கது. வறுமை, அறிந்தோர் கையில் கலைக்கு வரம்பாகாது, வடிவமாகும் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

இரண்டாவது சிறப்பு இதனினும் ஆழ்ந்தது. படம் முடிந்தபின் எண்ணிப் பார்ப்பின், அணங்கு பற்றிய அச்சம் ஒரு போர்வையே என்பது விளங்கும். போர்வையின் உள்ளே இருப்பது தம் இறை பற்றிய அச்சம். ஊதியத்தை நம்பி வாழ்வோனுக்கு முதலாளியே இறை. அவர் ஐயுறின் வேலை போகும். வேலை போயின் வாழ்வு குலையும். கள்வரைக் கண்டு அஞ்சுதல் உலகியல். ஈண்டோ கள்வனே அஞ்சுகின்றான். அந்நடுக்கத்தை அவன் பேய்கண்ட நடுக்கமாக மாற்றிக் காட்டுகின்றான். விஜய் சேதுபதியின் நடிப்பு இவ்விரு நடுக்கங்களுக்கும் ஒருங்கே பொருந்தி வருதல் வியத்தற்குரியது. ஆலைகளும் துறைமுகமும் சூழ்ந்த திருவொற்றியூர்ப் பகுதியில் மாலைவேளைகளில் உணவுப்பொதி சுமந்து வண்டியோட்டிப் பயிலும் மாணவர் எம் வகுப்புகளிலும் உளர். இப்படத்தைப் பற்றிய உரையாடலில் அவர்கள் மாளிகையை விடுத்து முதலாளியின் அறையையே மிகுதியும் பேசினர். அச்சத்தின் உண்மையான நிலைக்களன் யாதென அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருந்ததில்லை.

இனிக் குறைகளைக் காண்போம். உண்மை வெளிப்படும் பகுதி கதையாக நில்லாது உரையாசிரியரின் பொழிப்புரையாகிவிடுகின்றது. நுட்பமாக முன்னர் வைத்த குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்குதல், காண்போரின் அறிவில் ஐயங்கொள்வதாகும். அனுவின் பாத்திரப் படைப்பும் குறையுடைத்து. பேய்க்கதை எழுதும் அவளே இப்புனைவின் உயிர்நிலை. ஆயினும் மாளிகைப் பகுதி முழுவதும் அவள் மறைந்துவிடுகின்றாள். இத்திருட்டு அவள் உள்ளத்தில் எவ்வாறு பட்டது என்பது விரிவாகக் காட்டப்படவில்லை.

இவற்றினும் பெருங்குறை முடிவின்கண் உள்ளது. உணவு கொடுக்கச் சென்ற மற்றொரு வீட்டில் மைக்கேலை அவன் புனைந்த கதையே உண்மையாகி வளைத்துக்கொள்கின்றது. பொய்யுரைத்தோனைப் பொய்யே பற்றும் என்னும் கருத்து நன்று. ஆனால் அதற்கும் அவன் செயலுக்கும் இடையே காரணத்தொடர்பு இல்லை. திருவொற்றியூர்த் தலத்தோடு தொடர்புடைய சுந்தரர் வரலாற்றை ஈண்டு நினைவுகூர்தல் தகும். சங்கிலியாரைப் பிரியேன் என மகிழமரத்தின்கீழ்ச் சூளுரைத்தவர், அச்சூளைக் கடந்து ஊரெல்லை நீங்கியவுடன் கண்ணொளி இழந்தார் எனப் பெரியபுராணம் கூறும். அங்கே இருள் சூளினின்றே பிறந்தது. எல்லையைக் கடந்த அடியும் ஒளி இழந்த கண்ணும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள். பீட்சாவின் இறுதியில் வரும் இருளோ புறத்தேயிருந்து கொண்டுவந்து வைக்கப்பட்டது. அதுகாறும் போர்வையாக இருந்த அணங்கு, திடீரென மெய்யாக வந்து, தம் இறை பற்றிய நுண்ணிய அச்சத்தை மறைத்துவிடுகின்றது. முதலாளி ஒருநாள் உண்மையை அறிந்துகொள்வார் என்னும் எண்ணத்தோடு மைக்கேலை அடுத்த வீட்டு வாயிலில் நிறுத்தியிருப்பின், எந்த ஆவியும் தாராத நடுக்கத்தை அது தந்திருக்கும்.

குறைகள் இவையாயினும், பீட்சா தமிழ்ப் பேய்ப்படத்துக்கு ஒரு புதுவழி காட்டியது என்பதில் எமக்கு ஐயமில்லை. அது காட்டிய வழி பேயை நோக்கியதன்று. பேய்க்கதை சொல்ல வேண்டிய நிலைக்கு ஓர் ஏழைத் தொழிலாளி ஏன் ஆளாகின்றான் என்னும் வினாவை நோக்கியது. அவ்வினாவை எழுப்பிய படம், விடைகூறும் தருணத்தில் அதனைக் கைவிட்டது. பின்வரும் படைப்பாளர் அவ்விடத்தினின்றே தொடங்குவாராக.