சோற்றுக்கணக்கும் கட்ஆஃப் கணக்கும்

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் இரண்டு பேர் ஒரே கட்ஆஃப் வைத்திருந்தால் யார் முன்னால் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கணக்குப் பாட மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அதுவும் ஒன்றென்றால் இயற்பியல். அப்புறம் மற்ற மதிப்பெண்கள், பிறந்த தேதி. இவ்வளவும் ஒன்றாக இருந்துவிட்டால் கடைசியில் கணினி கொடுத்த சமவாய்ப்பு எண். ஏதாவது ஒரு பட்டியலை வரிசைப்படுத்த நிரல் எழுதியே பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் புகார் ஒன்றும் இல்லை. எதை வைத்துப் பிரிப்பது என்று விதி சொல்லாவிட்டால் யாரோ ஒருவர் தன் இஷ்டத்துக்குப் பிரிப்பார். விதி இருப்பது நல்லது. மதிப்பெண் முகம் பார்க்காது, அப்பா பேர் கேட்காது, சிபாரிசுக் கடிதம் வாங்காது.

ஆனால் முகம் பார்க்காத எண்ணுக்கு முகத்தில் எழுதியிருப்பதும் தெரியாது. காலையில் சாப்பிட்டுவிட்டுப் பரீட்சை எழுதியவனும் சாப்பிடாமல் எழுதியவனும் 197.25 என்ற ஒரே இடத்தில் நிற்கிறார்கள். அதற்கு அப்பால் பிரிக்க விதியிடம் பிறந்த தேதிதான் இருக்கிறது, பசி இல்லை. அந்த இடத்தில் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். நாஞ்சில் நாட்டு எழுத்தாளர்கள் அந்த வேலையை எப்படிச் செய்திருக்கிறார்கள், எங்கே விட்டுவிட்டார்கள் என்று மூன்று படைப்புகளை வைத்துப் பார்க்கலாம்.

ஏன் நாஞ்சில் நாடு? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலில் நின்ற மாவட்டம் கன்னியாகுமரி. இங்கே படிப்பு என்பது நிலம், ரப்பர் மாதிரி ஒரு குடும்ப முதலீடு. மே மாதம் ரிசல்ட் வந்த வாரத்தில் நாகர்கோவில் பக்கம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இலை போடுவதற்கு முன்னால் "மக்கா, கட்ஆஃப் எவ்வளவுடே?" என்ற கேள்வி வந்துவிடும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு பையனுடைய எண்ணோடு அதைக் கழித்துப் பார்க்கிற வேலையும் அங்கேயே நடந்துவிடும். இவ்வளவு படிப்புப் பைத்தியம் உள்ள ஊரின் முக்கியமான கதைகளில் பரீட்சை அறையோ ரிசல்ட் வந்த காலையோ உச்சக் காட்சியாக வரவில்லை. தேர்வாவது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. கதை அதற்கு முன்னும் பின்னும்தான் நடக்கிறது.

*

நாஞ்சில் நாடனின் முதல் நாவல் 'தலைகீழ் விகிதங்கள்' 1977இல் வந்தது. தங்கர் பச்சான் 2002இல் அதை 'சொல்ல மறந்த கதை' என்று படமாக எடுத்தார். படம் பார்த்தவர்கள் நிறையப் பேர் நாவலைப் படித்ததில்லை. ஏழை வீட்டுப் பட்டதாரி சிவதாணு. வேலை இல்லை. வசதியான வீட்டில் பெண் எடுக்கிறான். மாமனார் கை கொடுத்துத் தூக்கிவிடுவார் என்பது கணக்கு. அந்தக் கை எப்படிப்பட்டது என்பதுதான் நாவல்.

தலைப்பு எட்டாம் வகுப்புக் கணக்கு. ஒன்று கூடக் கூட இன்னொன்று குறைவது தலைகீழ் விகிதம். நாஞ்சில் நாடன் கணிதத்தில் முதுகலை படித்தவர். தலைப்பை அவர் அலங்காரத்துக்கு வைத்திருக்க மாட்டார். பட்டம் வந்ததும் சிவதாணுவின் விலை ஏறுகிறது, விலை ஏற ஏற அவன் மரியாதை இறங்குகிறது. பட்டம் இல்லாமல் வயலில் வேலை பார்த்திருந்தால் யாரும் அவனை விலை பேசியிருக்க மாட்டார்கள். இன்று கவுன்சிலிங்கில் நல்ல காலேஜ் கிடைத்த பையனைப் பார்த்து ஊரில் பெரியவர்கள் சிரிக்கிற ஒரு சிரிப்பு உண்டு. அந்தச் சிரிப்பில் எத்தனை பவுன் இருக்கிறது என்பதைச் சிவதாணு சொல்லிவிடுவான்.

நாவலின் பலம் மாமனார் வீட்டின் சின்னச் சின்ன விவரங்கள். அதன் எல்லையும் அதுதான். கோபம் பெரும்பாலும் அந்த வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது. படித்தவனுக்கு ஏன் வேலை இல்லை, அந்தப் பட்டம் எதை அளந்தது என்ற கேள்வி தெருவுக்கு வரவே இல்லை. அந்தக் கேள்வியோடு ரயிலேறிப் போகிறவனை அவரே பின்னால் 'மிதவை'யில் மும்பைக்கு அனுப்பினார்.

*

ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு', 2011இல் வெளியான 'அறம்' தொகுப்பில் இருக்கிறது. நம் வயதுக்காரர்களில் இதைப் படிக்காதவர்கள் குறைவு. படித்துவிட்டு அழாதவர்கள் இன்னும் குறைவு. அந்த அழுகையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு இன்னொரு முறை படிக்கலாம்.

கன்னியாகுமரிப் பக்கத்து ஏழைப் பையன் ஒருவன் மேற்படிப்புக்குத் திருவனந்தபுரம் போகிறான். 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. நல்ல படிப்பு என்றால் திருவனந்தபுரம் என்ற பழக்கம் எல்லை மாறிய பிறகும் உடனே மாறவில்லை. அங்கே படிக்க இடம் கிடைப்பது இந்தக் குடும்பத்துக்குப் பெரிய விஷயம். கதை அதை விரித்துச் சொல்வதில்லை. ஏனென்றால் இடம் கிடைத்த மறுநாள் காலையில் பசிக்கும். தங்கியிருக்கும் மாமா வீட்டில் மாமி போடும் ஒவ்வொரு கைச் சோற்றுக்கும் கணக்கு இருக்கிறது. அதைத் தாங்காமல் வெளியேறுகிறவனுக்குக் கெத்தேல் சாகிப்பின் சாப்பாட்டுக் கடை கிடைக்கிறது. அங்கே பில் கிடையாது, ஒரு டப்பா இருக்கும். இருப்பவன் போடலாம், இல்லாதவன் போடாமல் போகலாம். யார் போட்டார் என்று சாகிப் பார்ப்பதில்லை.

பின்னால் வேலை கிடைத்து, சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் அவன் அதை மொத்தமாகக் கொண்டுபோய் அந்த டப்பாவில் போடுகிறான். போட்டுவிட்டு இலை முன் உட்கார்கிறான். சாகிப்பிடம் ஒரு மாற்றமும் இல்லை, அதே கை, அதே அளவு. எல்லோரும் அழுகிற இடம் இது. கதை இங்கே முடிந்திருந்தால் அது ஒரு நல்ல மனிதரைப் பற்றிய கதையாக மட்டும் நின்றிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அவன் அந்த மாமியின் மகளைக் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுக்கிறான். அவமானப்படுத்திப் போட்ட சோறும் சோறுதான், இல்லாத வீட்டிலிருந்து எடுத்துப் போட்டது என்று அவனுக்குக் கணக்கு திரும்பிவிடுகிறது.

எனக்குக் கதையின் நெஞ்சு இந்த இடம்தான். "நான் என் உழைப்பால் மேலே வந்தேன்" என்று சொல்கிற எல்லோருக்கும் இதில் பதில் இருக்கிறது. மதிப்பெண் தாளில் ஒரு பேர்தான் அச்சாகிறது. அந்த எண்ணுக்குள் எத்தனை பேர் போட்ட சோறு இருக்கிறது, அதில் எத்தனை பேர் முகம் சுளித்துக்கொண்டு போட்டார்கள் என்று பிரித்துக் காட்ட எந்தக் கலந்தாய்வு விதியும் இல்லை. தன் தகுதியைத் தன் சொத்தாகப் பார்த்தவன் அதைக் கடனாகப் பார்க்க ஆரம்பிக்கிறான். பொறியியல் படித்து, நல்ல சம்பளம் வாங்கி, இட ஒதுக்கீடு பற்றி அலுவலக மதிய உணவு மேசையில் கருத்துச் சொல்கிற என் தலைமுறைக்கு இந்தக் கதை பிடித்திருக்கிறது என்பதே எனக்கு ஒரு வேடிக்கை. சாகிப்புக்காக அழுகிறோம், மாமி வரைக்கும் படிப்பதில்லை.

ஆனாலும் ஒரு கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஒரு கெத்தேல் சாகிப் இல்லாவிட்டால் அந்தப் பையன் என்ன ஆவான்? இந்த மாநிலத்தில் லட்சக்கணக்கான பேரைப் படிக்கவைத்தது மகான்கள் இல்லை. 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, அரசு விடுதிகள், 2010 முதல் பொறியியல் மாணவர்களுக்கும் கிடைத்த முதல் பட்டதாரி கட்டணச் சலுகை போன்றவைதான். இவற்றில் கண்ணீர் வராது. தாசில்தார் ஆபீஸில் சான்றிதழுக்கு நிற்பதில் என்ன உன்னதம் இருக்கிறது? விடுதிச் சாம்பாரைப் பற்றி யார் காவியம் எழுதுவார்? ஆனால் உரிமையாகக் கிடைப்பதற்கு யாரும் யார் காலிலும் விழ வேண்டியதில்லை. 'அறம்' கதைகள் பெரிய மனிதர்களைத் தேடிப் போகின்றன. அதனாலேயே அவற்றுக்கு ஒளி வருகிறது, அதனாலேயே இந்தச் சாதாரண ஏற்பாடுகள் அந்த ஒளிக்கு வெளியே நிற்கின்றன.

*

மதிப்பெண் முகம் பார்க்காது என்று ஆரம்பத்தில் சொன்னேன். திருவிதாங்கூரில் அது எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1880களில் டாக்டர் பல்பு மருத்துவப் படிப்புக்கான தேர்வில் வென்றும் ஈழவர் என்பதால் அங்கே சேர்க்கப்படவில்லை. சென்னைக்குப் போய் மருத்துவம் படித்தார். திரும்பி வந்தபோது சொந்த சமஸ்தானம் வேலையும் தரவில்லை, மைசூர் அரசில் சேர்ந்தார். பின்னால் நாராயண குருவோடு சேர்ந்து 1903இல் எஸ்.என்.டி.பி. யோகம் உருவாகக் காரணமானவர்களில் அவரும் ஒருவர். எண் மட்டுமே பேசட்டும் என்று கேட்பது அன்றைக்குப் புரட்சி.

'அறம்' தொகுப்பின் 'நூறு நாற்காலிகள்' இந்த வரலாற்றின் மிச்சத்திலிருந்து தொடங்குகிறது. நாயாடிக் குடியில் பிறந்த தர்மபாலன், நாராயண குருவின் வழியில் வந்த ஒரு துறவியால் வளர்க்கப்பட்டு, இந்தியாவிலேயே கடினமான தேர்வில் ஜெயித்து ஐ.ஏ.எஸ். ஆகிறான். நேர்முகத் தேர்வில் அவனிடம், ஒரு பக்கம் நியாயமும் இன்னொரு பக்கம் உன் சாதியினரும் இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். நாயாடியையும் இன்னொருவனையும் எதிரெதிரே நிறுத்திய கணத்திலேயே நாயாடிதான் அநீதி இழைக்கப்பட்டவன் என்கிறான் அவன். சமத்துவம் என்பது எண்களைச் சமமாக வைப்பது மட்டும் இல்லை என்பதை எனக்குப் புரியவைத்த இடம் அது.

தாமஸ் ஹார்டியின் 'ஜூட் தி அப்ஸ்க்யூர்' 1895இல் வந்தது. கல் செதுக்கும் ஜூட் பெரிய பல்கலைக்கழகத்தில் சேர ஆசைப்பட்டு எழுதுகிறான், உன் தொழிலைப் பார்த்துக்கொண்டு இரு என்று பதில் வருகிறது. வாசலிலேயே முடிந்துபோகிற ஆசை. 2023இல் வந்த 'ட்வெல்த் ஃபெயில்' படத்தில் வாசல் திறக்கிறது, பட்டியலில் பேர் வருகிறது, நாமும் அழுதுகொண்டே எழுந்து வருகிறோம். 'நூறு நாற்காலிகள்' அந்தப் படம் முடிகிற இடத்துக்கு அப்புறம் நடக்கிற கதை. நாற்காலி கிடைத்தாகிவிட்டது. ஆனால் சுற்றி இருக்கிறவர்கள் அவனை அதில் உட்கார விடுவதில்லை. பெற்ற தாயே அந்த நாற்காலியைக் கண்டு பயப்படுகிறாள், எழுந்து வந்துவிடு என்று கெஞ்சுகிறாள். தேர்வு அவனுக்கு இடம் கொடுத்தது, இருப்புக் கொடுக்கவில்லை. நல்ல காலேஜில் முதல் செமஸ்டரில் வகுப்பின் ஆங்கிலம் புரியாமல் கடைசி பெஞ்சுக்குப் போனவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

*

மூன்றிலும் படிக்கிறவன் ஆண். பெண் அவன் படிப்பின் விலையாகவோ கடனடைப்பாகவோ வருகிறாள். சிவதாணுவின் பார்வதியும் மாமியின் மகளும் எத்தனாவது வரை படித்தார்கள் என்பதை நோக்கிக் கதைகள் திரும்புவதில்லை. எழுதப்பட்ட காலம், காட்டப்படும் காலம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் இன்று மார்த்தாண்டத்திலும் குலசேகரத்திலும் காலை ஆறரை மணி பஸ்ஸில் டியூஷனுக்குப் போகிற கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். அவர்களை அந்தச் சமாதானம் எட்டவில்லை.

2017இல் அரசு பிளஸ் டூ முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்தியது. அதே ஆண்டுதான் அரியலூர் மாவட்டத்து அனிதா 1200க்கு 1176 எடுத்தார். மருத்துவக் கட்ஆஃப் 196.75. பழைய முறையில் இடம் உறுதி. நீட் வந்து அந்த எண்ணைச் செல்லாக் காசாக்கியது. உச்ச நீதிமன்றம் வரை போனார். செப்டம்பர் 1ஆம் தேதி அவர் இல்லை. கவிதைகளும் பதாகைகளும் வந்தன, அவர் ஒரு சின்னமானார். சின்னங்களுக்குப் பசிக்காது, சலிப்பு வராது, வேதியியலில் எந்தப் பாடம் பிடிக்கும் என்பது இருக்காது. ஒரு கதைக்கு அதெல்லாம் வேண்டும். ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் 1176 வாங்கிய வீட்டில் விளக்கு எத்தனை மணிக்கு அணைந்தது, அவளுக்காக யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்ற கணக்கைச் 'சோற்றுக்கணக்கு' அளவுக்கு நெருங்கி எழுதுகிற கை இனிமேல்தான் வர வேண்டும்.

இப்போது கட்ஆஃப் போட்டுப் பார்த்துக்கொண்டு, அரை மதிப்பெண்ணில் என்ன போகும் என்று தூக்கம் கெட்டு இருப்பவர்களில் யாராவது இதைப் படிக்கலாம். மதிப்பெண் முக்கியமில்லை என்று நான் சொல்லப் போவதில்லை, அது மதிப்பெண் வாங்கி முடித்தவர்கள் சொல்கிற வசனம். கிண்டியில் இடம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் ஒன்றில்லை, பல வீடுகளில் அது அடுத்த முப்பது வருஷத்தை மாற்றும். ஆனால் பட்டியலில் உங்கள் பேர் எங்கே நின்றாலும், அந்த எண்ணுக்குள் யார் யார் சோறு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. கவுன்சிலிங் முடிந்து கையில் நேரம் இருக்கும்போது அதை எழுதிப் பாருங்கள். மாமியையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.